சர்க்கரை நோட்டில் இல்லாத கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் சர்க்கரை நோயைப் பற்றி முழுப் பக்கம் வந்திருந்தது. பாகற்காய், வெந்தயம், சிறுதானியம், எந்தப் பழம் சாப்பிடலாம், எது கூடாது, நடப்பது காலையிலா மாலையிலா என்று எல்லாம் இருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன், ரத்த அழுத்தம் என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாமல் வெட்ட வேண்டி வந்தால் எங்கள் வீட்டுக் கதையை வெட்டுங்கள், பிரஷரைப் பற்றிச் சொல்லியிருப்பதில் கை வைக்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து போன வருடம் ரிட்டயர் ஆனவர். சர்க்கரை இருப்பது 2006-ல் தெரிந்தது, அப்போது அவருக்கு 42 வயது. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தார். டிக்கெட் கணக்கு எழுதிப் பழகின கை, ஒரு நாள் தப்பாது. தேதி, வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, என்ன மாத்திரை என்று நாலு கட்டம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். லாங் சைஸ் நோட்டு மூன்று தீர்ந்து நாலாவது ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாருக்காவது புதிதாகச் சர்க்கரை என்றால் இவரிடம்தான் வருவார்கள். இவரும் நோட்டைக் காட்டி, இப்படி எழுதி வைத்தால் எதுவும் ஆகாது என்று தைரியம் சொல்லி அனுப்புவார். நானும் அப்படித்தான் நம்பினேன். இனிப்பை விட்டார், சோற்றைக் குறைத்தார், HbA1c என்கிற மூன்று மாத சராசரிச் சர்க்கரை ஏழு, ஏழே கால் என்றே இருக்கும். வேறு என்ன வேண்டும்?

2022 ஐப்பசியில், நல்ல மழைக்காலம், அவருக்கு இரண்டு காலும் வீங்கின. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கும், விரலால் அமுக்கினால் குழி விழும். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை, அதோடு மழைத் தண்ணீர் வேறு என்று விட்டுவிட்டோம். பாத்ரூம் கழுவும்போது நுரை நிற்பதை நான் பார்த்தேன். சோப்பு நுரை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன், ஒரு நாள் இல்லை, பல நாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

கார்த்திகையில் தஞ்சாவூருக்குப் போய் சிறுநீரக மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். பிரஷர் 178/102. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.9. சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் எவ்வளவு போகிறது என்று பார்க்கும் பரிசோதனையில், 30-க்குள் இருக்க வேண்டியது 640. சிறுநீரகம் வடிகட்டுகிற திறன் 40-க்குப் பக்கம் வந்துவிட்டது என்றார். மூன்று மாத சராசரிச் சர்க்கரை? 7.1. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் கொண்டுபோன நாலு நோட்டையும் மேசைமேல் வைத்தார். டாக்டர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, கடைசியில் என்னைப் பார்த்து, "எல்லாம் இருக்கும்மா, இதில் பிரஷர் எங்கே?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 16 வருடம், நாலு நோட்டு, அதற்கு ஒரு கட்டமே இல்லை.

பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஊருக்கு வந்ததும் பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் மஞ்சள் பையிலிருந்து கொட்டிப் பார்த்தேன். நாங்கள் வழக்கமாகப் போகிற கிளினிக்கில் சில தடவை பிரஷர் பார்த்து ஓரத்தில் எழுதித்தான் இருக்கிறார்கள். 2013-ல் 146/90. 2015-ல் 150/90. 2018-ல் 158/94. நடுவில் பல சீட்டுகளில் அந்த இடம் வெற்றாகக் கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லியிருக்கிறோம். மாடிப்படி ஏறி வந்தார், வெயிலில் வண்டி ஓட்டி வந்தார், முந்தின நாள் நைட் டூட்டி, டாக்டரைப் பார்த்தால் அவருக்குப் பயம். நாங்கள் சொன்னதைக் கேட்டு அங்கேயும், "சரி, வயசுக்கு இது இருக்கும்தான்" என்று சொல்லி அனுப்பினார்கள். வயதோடு நூறைக் கூட்டினால் வருவது சரியான பிரஷர் என்று ஒரு கணக்கு ஊரில் சொல்வார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கு தப்பு. 60 வயதுக்காரருக்கு 160 இருக்கலாம் என்று இன்றைய மருத்துவம் சொல்லவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு 130/80-க்குக் கீழே வைக்கப் பாருங்கள் என்றுதான் இன்றைக்குச் சொல்கிறார்கள், தனிப்பட்ட ஆளுக்கு எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவர் முடிவு செய்வார். ஒரு தடவை கூடுதலாக வந்தால் அது வெயிலாகவோ பயமாகவோ இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஐந்து வருடமாக ஒவ்வொரு தடவையும் கூடுதலாக வந்தால் அதற்குப் பெயர் வெயில் இல்லை.

இந்த இரண்டும் ஏன் இப்படிக் கைகோத்துக்கொண்டு வருகின்றன என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. 2023-ல் எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் பி.ஃபார்ம் படித்தவள், அவள்தான் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிரஷரும் இருக்கிறது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது அது கூடுதலாகச் சுரக்கிறது, அந்தக் கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது, உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும். ரத்தக்குழாய்கள் சர்க்கரையால் விறைத்துப்போவது தனி. எடை கூடியிருந்தால் அது இன்னொரு பக்கம் சேரும்.

சிறுநீரகத்தில் நடப்பதை அவள் படம் போட்டுக் காட்டினாள், எனக்கு எங்கள் வயல்தான் ஞாபகம் வந்தது. சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கான சின்னச் சின்ன வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு மடை, வெளியே போக ஒரு மடை. சர்க்கரை கூடியிருக்கும்போது உள்மடை அகலமாகத் திறந்துகொள்கிறது, வெளிமடை இறுகிக்கொள்கிறது. அப்போதே வரப்புக்குத் தாங்க முடியாத அழுத்தம். அதோடு மேலே ஆற்றிலேயே வெள்ளம் வந்தால், அதாவது பிரஷரும் 160, 170 என்று நின்றால், வரப்பு அரிக்காமல் என்ன செய்யும்? அந்த அரிப்பில் கசிந்து வருவதுதான் ஆல்புமின், நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட நுரை. இப்போது அவர் சாப்பிடும் டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரைகள் இரண்டு வேலை செய்கின்றன. பொதுவாக பிரஷரைக் குறைக்கின்றன, அதோடு அந்த வெளிமடையைக் கொஞ்சம் திறந்துவிடுகின்றன. அதனால்தான் சிறுநீரில் ஆல்புமின் போகிற சர்க்கரைக்காரர்களுக்கு முதலில் இந்த வகையைக் கொடுக்கிறார்கள். எனாலபிரில், ராமிபிரில் என்று 'பிரில்' என முடிகிற மாத்திரைகளும் இதே வேலைதான், சிலருக்கு வறட்டு இருமல் வரும், அப்படி வந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு மட்டும் இந்த இரண்டு வகையும் ஆகவே ஆகாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்கிற பேச்சு நம் ஊர்களில் எவ்வளவு வேரோடியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இவருக்கு மாத்திரை ஆரம்பித்த இரண்டு வாரத்தில் ரத்தம் பார்த்தபோது கிரியேட்டினின் 1.9 என்பது 2.1 ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன், "நான் சொன்னேனே, நிறுத்திவிடு" என்றார். நாங்களும் பயந்துதான் தஞ்சாவூருக்கு ஓடினோம். ஆரம்பத்தில் உள்ளே அழுத்தம் இறங்குவதால் அந்த எண் கொஞ்சம் ஏறும், இதை எதிர்பார்த்துத்தான் இரண்டு வாரத்தில் ரத்தம் பார்க்கச் சொன்னேன், பொட்டாசியமும் கூடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும்தான், என்று டாக்டர் விளக்கினார். நிறுத்தியிருந்தால் எங்கே போயிருப்போம் என்று தெரியவில்லை. உண்மையில் கிட்னியைக் கெடுத்த மாத்திரை எங்கள் வீட்டில் வேறு ஒன்று இருந்தது. இடுப்பு வலிக்காக வாரத்துக்கு மூன்று நாலு நாள் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவாரே, டைக்ளோஃபினாக், அதுதான். அந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும், ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தையும் இன்னும் அடிக்கும். சீட்டு இல்லாமலே கேட்டால் கிடைத்துக்கொண்டிருந்தது, நாங்களும் அதை மாத்திரையாகவே நினைக்கவில்லை. முட்டி வலி, இடுப்பு வலி என்று இதை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிற சர்க்கரைக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், நினைத்தாலே பயமாக இருக்கிறது.

சர்க்கரையைப் பார்த்தால் போதாதா, பிரஷருக்கு இவ்வளவு முக்கியம் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1977-ல் ஆரம்பித்துப் பல வருடம் நடத்தினார்கள், யுகேபிடிஎஸ் என்று பெயர், சர்க்கரை மருத்துவம் படிக்கிற எல்லோருக்கும் தெரியும் என்றாள் மருமகள். அதில் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருந்த 1148 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு பிரஷரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள், இன்னொரு பிரிவுக்குக் கொஞ்சம் தளர்வாக விட்டார்கள். சராசரியாக எட்டு வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். ஒரு பக்கம் 144/82, இன்னொரு பக்கம் 154/87. வித்தியாசம் மேலே 10, கீழே 5, அவ்வளவுதான். அந்தப் பத்துக்கு, சர்க்கரையால் வரும் சாவு 32 சதவீதம் குறைந்தது, பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது, கண்ணிலும் சிறுநீரகத்திலும் நுண்ணிய குழாய்கள் கெட்டு வருகிற பாதிப்பு 37 சதவீதம் குறைந்தது. சர்க்கரையால் வரும் எல்லாத் தொல்லைகளையும் சேர்த்துப் பார்த்தால் 24 சதவீதம் குறைவு. அதே ஆராய்ச்சியில் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டிய பிரிவில் இந்த மொத்தக் கணக்கு 12 சதவீதம் குறைந்தது. இது 1998-ல் வெளியானது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வருவதற்கு எட்டு வருடம் முன்னால்! இதைப் படித்துவிட்டுச் சர்க்கரையை விட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அதுவும் வேண்டும். நாங்கள் ஒரு கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டுக்கொண்டிருந்தோம் என்பதுதான் என் வருத்தம்.

அதன் தொடர்ச்சி 2008-ல் வந்திருக்கிறது, அது இன்னும் முக்கியம். ஆராய்ச்சி முடிந்ததும் இரண்டு பிரிவுக்கும் பிரஷர் ஒரே மாதிரி ஆகிவிட்டது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால், முன்னால் கிடைத்த நன்மை தங்கவில்லை. சர்க்கரையை ஆரம்பத்தில் நன்றாக வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பலன் பிற்பாடும் கொஞ்சம் நின்றது, பிரஷரில் அப்படி நிற்கவில்லை. அதாவது கட்டுக்குள் வைத்திருக்கிற வரைக்கும்தான் பாதுகாப்பு. "பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்லாத வீடு இருக்கிறதா? மாத்திரையால்தான் நார்மல் ஆனது. இதை நான் ரேஷன் கடை வரிசையில்கூடச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்புறம் உப்பு. சர்க்கரைக்காரர்கள் வீட்டில் உப்புதான் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது, இதை யாராவது கவனித்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை வந்த ஆளுக்கு விருந்தாளி வீட்டில் டீயோடு உப்பு பிஸ்கட் கொடுப்பார்கள். கடைக்குப் போனால், "சுகரா சார், லெமன் சால்ட் போடவா?" என்று அவர்களாகவே கேட்பார்கள். லட்டுக்குப் பதில் மிக்சர், ஜிலேபிக்குப் பதில் காராசேவு. சாதத்தைக் குறைத்துவிட்டுக் கம்பங்கூழ் குடித்தால் தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், கருவாடு. ஓட்ஸ் என்றால் மசாலாப் பொட்டலம் சேர்த்தது. எங்கள் பக்கம் உப்பு நார்த்தங்காய் இல்லாமல் மோர்சாதம் இறங்காது, என் மாமியார் போட்டு வைத்த ஜாடி இன்னும் இருக்கிறது. இனிப்பை விட்டதற்கு நாக்குக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று பரிதாபப்பட்டு நானே அப்பளம் பொரித்துப் போட்டிருக்கிறேன். உங்கள் இணைப்பில் வந்த சிறுதானியக் கஞ்சிக் குறிப்பிலும், "உப்பு தேவையான அளவு" என்றுதான் இருந்தது. அந்தத் தேவையான அளவு எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் என்கிறது, தலை தட்டிய சின்ன டீஸ்பூன் ஒன்று, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்போது இரண்டே பேர், ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒரு மாதத்தில் தீரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு 16 கிராம் வருகிறது, கழுவிக் கொட்டுவதைக் கழித்தாலும் எவ்வளவு? ஊறுகாய், அப்பளம், கடைப் பண்டம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தனியாகச் சமைக்கிற உப்புக்கு ஒரு பாக்கெட் இரண்டரை மாதம் வருகிறது. முதல் மூன்று வாரம் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார். அப்புறம் பழகிவிட்டது. எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி கூட்டினேன். இன்றைக்கு வெளியில் சாப்பிட்டால் அவரே கரிக்கிறது என்கிறார்.

உப்புக்குப் பதில் சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறது, அதை வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். சிறுநீரகம் அடிபட்டு, டெல்மிசார்ட்டன் வகை மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. இளநீரும் அப்படித்தான், உடம்புக்கு நல்லது என்று தினமும் இரண்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், டாக்டர் சொன்னதும் நிறுத்தினேன். கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

பிரஷர் பார்க்கிற விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பாகப் பார்த்த எண்ணால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. பல இடங்களில் என்ன நடக்கிறது? படி ஏறி வந்த ஆளை உட்கார வைத்து, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேர் என்ன, வயசு என்ன, என்ன மாத்திரை என்று கேட்டுக்கொண்டே காற்றடிக்கிறார்கள். காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த நர்ஸ் பெண்ணைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஆனால் முறை வேறு. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில், கால்மேல் கால் போடாமல். சிறுநீர் கழித்துவிட்டு வந்திருக்க வேண்டும். அரைமணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது. கை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் இருக்க வேண்டும், பட்டை வெறும் கைமேல். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவை பார்க்க வேண்டும். வீட்டில் மெஷின் வாங்குவதாக இருந்தால் மணிக்கட்டில் கட்டுவதை விட்டு மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று இருக்கிறது, அதைத் தஞ்சாவூர் டாக்டர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உட்கார்ந்து பார்த்ததும் எழுந்து நின்று ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். பல வருடச் சர்க்கரையில் நரம்பு தளர்ந்தவர்களுக்கு எழுந்தவுடன் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து தலைசுற்றி விழுவது பலருக்கு இதனால்தான். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், மாத்திரையை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றுவார். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று நாமே மாத்திரையைக் கூட்டிக்கொள்வதும் ஆபத்துதான். வாந்தி பேதி வந்து உடம்பில் தண்ணீர் வற்றும்போது இந்த மாத்திரைகளை ஓரிரு நாள் நிறுத்தி வைக்க வேண்டி வரலாம், அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் டாக்டரைத் தேட முடியாது.

அரசாங்கத்தைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்தார்கள், அதன் பிறகு எங்கள் தெருவுக்கும் சுகாதாரத் தன்னார்வலர் அம்மா வர ஆரம்பித்தார். வீட்டு வாசலிலேயே சர்க்கரையும் பார்ப்பார், பிரஷரும் பார்ப்பார், மாத்திரையும் கொண்டுவந்து கொடுப்பார். எங்கள் வீட்டு வாசலிலும் வந்து நின்றார். "நாங்கள் பிரைவேட்டில் பார்க்கிறோம்மா, வேண்டாம்" என்று சொல்லி நான்தான் அனுப்பினேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அன்றைக்கு உள்ளே கூப்பிட்டு இவர் கையை நீட்டச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் முன்னாலேயே தெரிந்திருக்கும். காசு கொடுத்துப் பார்த்தால்தான் வைத்தியம் என்று நினைக்கிற என்னைப் போன்றவர்கள் இதைப் படித்தால், அடுத்த தடவை அவர் வரும்போது ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள் என்பது எல்லாப் பத்திரிகையிலும் தலைப்பாக வந்தது, உங்கள் பத்திரிகையிலும் வந்தது, வெட்டி வைத்திருக்கிறேன். அதே ஆய்வில் பிரஷர் உள்ளவர்கள் 31 கோடிக்கு மேல் என்று இருந்தது. மூன்று மடங்கு! அது தலைப்பாக வரவில்லை. உலக நீரிழிவு தினமான நவம்பர் 14-ல் எங்கள் ஊரில் மட்டும் மூன்று இடத்தில் இலவசச் சர்க்கரை முகாம் நடக்கும், பேனர் கட்டுவார்கள். மே 17 உலக ரத்த அழுத்த தினம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சர்க்கரை முகாம் நடத்துகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. விரலில் ஊசி குத்துகிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் மெஷினையும் வையுங்கள், ஒருவருக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும். லேப் நடத்துகிறவர்கள் சர்க்கரைப் பேக்கேஜ் என்று போடுகிறார்களே, அதில் சிறுநீர் ஆல்புமினைச் சேருங்கள். இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு, கண்டுபிடித்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு தடவை அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. எங்களுக்கு 16 வருடத்தில் ஒரு தடவை பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. கண்ணையும் அப்படித்தான், பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு தடவை விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்போது இவருக்கு எப்படி என்று கேட்பீர்கள். வீங்கின கால் வடிந்துவிட்டது. மூன்று வகை பிரஷர் மாத்திரை ஓடுகிறது, ஒன்று போதவில்லை, பலருக்கு அப்படித்தான் ஆகும் என்றார்கள். ஆல்புமின் 640-லிருந்து 210-க்கு வந்திருக்கிறது. கிரியேட்டினின் இரண்டிலேயே நிற்கிறது, ஏறவில்லை. போனது திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு போகிறோம். டயாலிசிஸ் இப்போதைக்கு இல்லை, அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்த ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஐந்தாவது நோட்டு போட்டிருக்கிறார். அதில் ஏழு கட்டம். தேதி, வெறும் வயிறு, சாப்பிட்ட பின், மாத்திரை, அதற்கப்புறம் காலை பிரஷர், மாலை பிரஷர், நின்றபின் பிரஷர். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின ஒரு வாரம் தினமும் இரண்டு வேளை, மற்ற நாட்களில் வாரத்துக்கு இரண்டு நாள். இன்றைக்குக் காலையில் 132/78, நின்றபின் 124/76, சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஏழு கட்டத்தை, கோடு போட்டு, ஒரு மாதத்துக்கு எழுதுகிற மாதிரி, அடுத்த ஞாயிறு இணைப்பில் கால் பக்கம் ஒதுக்கிப் போடுங்கள். ஓரத்தில் பிரஷர் பார்க்கும் முறையை நாலு வரி போட்டால் போதும். எங்கள் தெருவில் சர்க்கரை உள்ள வீடுகள் 11, எனக்குத் தெரிந்தே. வராத வீட்டுக்கு நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி